எழுந்திருக்க ஒரு நாற்காலி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் பழைய சோபாவின் அடிப்பலகை ஊறி, டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி உப்பிக் கிடந்தது. பொங்கலுக்குள் புது சோபா வாங்கிவிட வேண்டும் என்று கடைக்குப் போனோம். ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்தோம். மெத்து மெத்தென்று இருந்தது. ஆயாவையும் உட்கார வைத்தோம். "இன்னா கண்ணு இது, கெணத்துல எறங்குன மாதிரி கீது" என்றார். நாங்கள் சிரித்துவிட்டு பில் போடச் சொன்னோம்.

அவர் சொன்னதன் பொருள் மறுநாள்தான் புரிந்தது. டிவி பார்த்து முடித்து எழப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் கையை ஊன்றினால் ஊன்றிய இடம் பள்ளமாகிறது. முன்னும் பின்னும் இரண்டு தடவை ஆடி, மூன்றாவது தடவை ஒரு மூச்சைப் பிடித்து எழுகிறார். பாதி எழுந்து பொத்தென்று திரும்ப விழுகிறார். காசிமேட்டில் முப்பது வருஷம் தலையில் கூடை வைத்து மீன் விற்றவர் அவர். கை கொடுத்துத் தூக்கிவிடு என்று யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் கேட்கவுமில்லை. பத்து நாள் கழித்து அம்மாதான் கவனித்தார்: ஆயா பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக வேண்டுமென்றால் எழ வேண்டும்.

ஒரு சோபா ஒரு மனுஷியின் தாகத்தைக் குறைக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதன் பிறகு நாற்காலிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், தெரு முனையில் மரவேலை செய்கிற அண்ணனோடு உட்கார்ந்து ஆயாவுக்கென்று ஒன்று செய்தேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் அறுபது தாண்டியவர் யாராவது இருந்தால் உங்களுக்குப் பயன்படும்.

விரலால் ஒரு சோதனை

நாற்காலிக்கு இரண்டு வேலை உண்டு. ஆளைத் தாங்க வேண்டும், பிறகு ஆளை விட வேண்டும். இருபது வயதில் இரண்டாவது வேலை கண்ணிலேயே படாது, ஏனென்றால் நாற்காலி செய்யத் தவறியதை நம் தொடை செய்துவிடும். எழுபது வயதில் அந்த இரண்டாவது வேலைதான் முதலில் பார்க்க வேண்டியது. கடைகளிலோ எல்லாம் உட்கார்வதற்காகவே செய்து வைத்திருக்கிறார்கள். நாமும் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குகிறோம்.

எழுவது என்றால் உடம்பில் என்ன நடக்கிறது? வீட்டுப் பிள்ளை ஒருவரை நாற்காலியில் முதுகைச் சாய்த்து நேராக உட்காரச் சொல்லுங்கள். உங்கள் ஒரு விரலை அவர் நெற்றியில் வைத்து லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது கையை ஊன்றாமல் எழுந்திரு என்று சொல்லுங்கள். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் எழ முடியாது. விரலில் மந்திரம் ஒன்றுமில்லை. உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் பாரம் இடுப்புக்குக் கீழே, நாற்காலியின் மேல் இருக்கிறது. அந்தப் பாரம் பாதங்களுக்கு மேலே வந்து சேர்ந்தால்தான் கால் அதைத் தூக்க முடியும். அதற்குத் தலையும் நெஞ்சும் முன்னால் குனிந்தாக வேண்டும். நெற்றியில் விரல் இருந்தால் குனிய முடியாது, பாரம் நகராது, அவ்வளவுதான்.

ஆக, எழுவதற்கு மூன்று காரியம் நடக்கிறது. பாதத்தைப் பின்னால் இழுத்து முழங்காலுக்குக் கீழே கொண்டுவருகிறோம். உடம்பை முன்னால் சாய்க்கிறோம். பிறகு தொடையும் பிட்டமும் உந்தி மேலே தூக்குகின்றன. நடு வயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. தொடையில் அது முதலில் தெரியும். மூட்டு தேய்ந்தவருக்கு உந்தும் நேரத்தில் வலியும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது எங்கள் புது சோபாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். வெளியிலிருந்து அளந்தால் இருக்கை 16 இன்ச் உயரம். ஆயா உட்கார்ந்தால் பஞ்சு அமுங்கி 12.5 இன்ச்தான். முட்டியைவிட இடுப்பு கீழே போய்விடுகிறது. தொடை மேட்டில் ஏறுகிற மாதிரி நிற்கிறது. ஆழம் 23 இன்ச். சாய்ந்தால் கால் தரையை விட்டுவிடுகிறது, காலை ஊன்றினால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை. முன்பக்கம் தரை வரைக்கும் பெட்டி மாதிரி மூடியிருப்பதால் குதிகாலைப் பின்னால் இழுக்க இடமே இல்லை. கைப்பிடி நல்ல அகலம், ஆனால் பஞ்சு மூட்டை; பிடிக்கவும் முடியாது, ஊன்றவும் முடியாது. எழுவதற்கு வேண்டிய மூன்றையும் ஒரே பொருள் தடுக்கிறது. ஆயா சொன்ன கிணறு சரியான சொல்தான்.

இந்த விஷயத்தை ஆராய்ச்சியாளர்களும் நிறைய அளந்து பார்த்திருக்கிறார்கள். உட்கார்ந்து எழுவது பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002ல் ஒரு கட்டுரை வெளியானது. இருக்கையை உயர்த்தினால் முழங்கால் மீது விழும் சுமை 60 சதவீதம் வரை குறையலாம், கைப்பிடியை ஊன்றி எழுந்தால் இடுப்பு மூட்டின் சுமை பாதியாகலாம் என்பது அதன் முடிவு. உயரம், கைப்பிடி, பாதம் வைக்கும் இடம் என்ற மூன்றும்தான் பெரிய வித்தியாசம் செய்கின்றன. தோல் உறை, பொத்தான் தையல், வண்ணம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆளை அளப்பது

"மொதல்ல ஆயாவ அளந்துனு வா, அப்பால மரத்த பத்தி பேசலாம்" என்றார் மரவேலை அண்ணன். சட்டைக்கு அளவெடுப்பது மாதிரி நாற்காலிக்கும் ஆளை அளக்க வேண்டும் என்பது அன்று எனக்குப் புதிது. தையல்காரர் டேப் ஒன்று போதும்.

ஆயாவை ஒரு மர ஸ்டூலில் உட்கார வைத்தோம். வீட்டில் அவர் செருப்புப் போடுவதில்லை, அதனால் வெறுங்காலோடு. பாதம் தரையில் முழுசாகப் பதிய, முழங்கால் செங்கோணத்தில் மடங்கியிருக்க, தரையிலிருந்து முட்டிக்குப் பின்னால் மடிப்பு விழுகிற இடம் வரை அளந்தேன். 15.5 இன்ச். இந்த ஒரு அளவுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். நல்ல திடமாக இருக்கிறவருக்கு இருக்கை இதே உயரத்தில் இருந்தால் போதும். எழச் சிரமப்படுகிறவருக்கு இதற்கு மேல் ஒன்று, ஒன்றரை இன்ச் வைக்கலாம். ஆயாவுக்கு 17 என்று முடிவு செய்தோம். பஞ்சு அமுங்கிய பிறகு வருகிற 17. வெறுமனே நிற்கும்போது அல்ல.

உயரம் நல்லது என்றால் இன்னும் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏற்றினால் பாதம் தொங்கும். பாரம் முழுக்கத் தொடையின் அடியில், இருக்கையின் விளிம்பில் விழும். கால் மரத்துப்போகும், சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கும். சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அது ஆபத்து. பாதம் முழுசாகத் தரையில் பதிகிற அளவுதான் எல்லை.

அடுத்தது ஆழம். பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முட்டி மடிப்பு வரை ஆயாவுக்கு 17.5 இன்ச் வந்தது. இதில் இரண்டு இன்ச்சைக் கழித்து 15.5 வைத்தோம். சாய்ந்து உட்கார்ந்தபின் முட்டி மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஆழம் கூடினால் பெரியவர்கள் தாமாகவே முன்னால் நகர்ந்து கூனிப்போய் உட்காருவார்கள். நாம் அதைப் பார்த்து "நிமிர்ந்து உட்காருங்க" என்று அதட்டுகிறோம். தப்பு நாற்காலியின் மேல்.

கைப்பிடியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், ஏனென்றால் கடைகளில் இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். அமுங்கிய இருக்கையிலிருந்து ஏழு முதல் ஒன்பது இன்ச் உயரம் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் தோள் தூக்காமல் கை அதன்மேல் அமர வேண்டும். அதைவிட முக்கியம் அதன் நீளம். எழும்போது கை எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள்: உடம்புக்குப் பக்கத்தில் இல்லை, இருக்கையின் முன் விளிம்புக்கு நேராகப் போகும். கைப்பிடி பாதியிலேயே முடிந்துவிட்டால் ஊன்ற ஒன்றும் இருக்காது. அழகுக்காகப் பாதியில் வளைந்து இறங்குகிற கைப்பிடிகள் பார்க்க நன்றாக இருக்கும், பயன்படாது. அதே நேரம் கைப்பிடி முன் கால்களைத் தாண்டி நீண்டுகொண்டிருந்தாலும் கூடாது. முனையில் பாரம் போட்டால் நாற்காலி முன்னால் கவிழும். முன் கால் நேர் மேலே வந்து கைப்பிடியைத் தாங்கி நிற்பதுதான் பத்திரம். முனை உருண்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற தடிமனில் இருக்க வேண்டும். ஆயா கூடையின் விளிம்பைப் பிடித்துப் பழகியவர். அண்ணன் இழைத்துக்கொண்டே இரண்டு மூன்று தடவை அவர் கையில் கொடுத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை ஆயா ஒன்றும் பேசாமல் பிடியை இறுக்கி இரண்டு தட்டு தட்டினார். அந்தத் தடிமனையே வைத்துக்கொண்டோம்.

முன்பக்கம் கீழே திறந்திருக்கட்டும். குறுக்குச் சட்டம் வேண்டுமென்றால் பக்கங்களிலும் பின்னாலும் போடலாம். முன் கால்களுக்கு நடுவே, குதிகால் பின்னால் போகிற இடத்தில் போடக்கூடாது. அகலத்துக்குப் பெரிய கணக்கில்லை. இடுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் இடம் இருந்தால் சரி. புடவைக் கொசுவமும் சேர்ந்துதான் உட்கார வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சாய்மானம் நேர்ச் செங்குத்தாக இருந்தால் பத்து நிமிடத்தில் முதுகு வலிக்கும். ரொம்பச் சாய்ந்தால் எழ முடியாது. செங்குத்திலிருந்து 10 முதல் 15 டிகிரி பின்னால் சாய்ந்தால் போதும். இருக்கை கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். பின்பக்கம் அரை இன்ச் தாழ்ந்தால் ஆள் முன்னால் சரியாமல் இருப்பார், அதற்கு மேல் தாழ்ந்தால் மறுபடியும் கிணறு. கூன் விழுந்தவருக்குத் தட்டையான சாய்மானம் தலையை முன்னால் தள்ளும். அவருக்குச் சாய்வைக் கொஞ்சம் கூட்டி, இடுப்புப் பள்ளத்தில் ஒரு சின்ன தலையணை வைத்து, மேல்முதுகுக்கு இடம் விட வேண்டும். உட்கார்ந்தபடியே மதியம் கண்ணயர்கிறவர் என்றால் சாய்மானம் தலை வரைக்கும் வரட்டும். இல்லாவிட்டால் கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கி, சாயங்காலம் முழுக்கப் பிடித்துக்கொள்ளும்.

உப்புக் காற்றும் வேர்வையும்

நாங்கள் இருப்பது கடலுக்குப் பக்கத்தில். திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் வீடு இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: இரும்புக் குழாய் நாற்காலி இரண்டு மழைக்காலத்தில் வெல்டிங் போட்ட இடத்தில் துரு பிடித்துவிடும். பெயின்ட்டுக்கு உள்ளேயே அரிக்கும், வெளியே தெரியாது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை வெள்ளத்தில் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். நாங்கள் இடித்த வீட்டுத் தேக்குச் சட்டங்களை வாங்கினோம். பழைய மரம் காய்ந்து முடிந்தது, இனிமேல் முறுக்காது. புதுத் தேக்கைவிட விலையும் குறைவு. ஆணியை மட்டும் நம்பாமல், ஒரு கட்டையில் துளை போட்டு இன்னொன்றின் முனையை அதில் இறக்கிப் பசை வைத்து இணைத்தார் அண்ணன். எழும்போது கைப்பிடியில் விழுகிற பாரம் பக்கவாட்டில் இழுக்கும். ஆணி மட்டும் இருந்தால் நாளடைவில் ஆட்டம் கொடுக்கும். ஆடுகிற நாற்காலியைப் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

இருக்கைக்குப் பஞ்சு வாங்கும்போது கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்பார்கள். ஒரு கன மீட்டர் பஞ்சு எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். எண் கூடினால் பொதுவாகச் சீக்கிரம் அமுங்கிப்போகாமல் நாள்படத் தாங்கும். கெட்டியா மெத்தென்றா என்பது வேறு விஷயம். அதைக் கையால் அழுத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முஷ்டியை ஊன்றினால் அடிப்பலகை தட்டக்கூடாது, பஞ்சுக்குள் மணிக்கட்டு வரை புதையவும் கூடாது. கெட்டியான பஞ்சு இரண்டரை இன்ச் போதும். மெலிந்த உடம்புக்காரருக்கு எலும்பு உறுத்தும் என்றால் மேலே அரை இன்ச் மெத்தென்ற அடுக்கு சேர்க்கலாம்.

துணி விஷயத்தில் எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. துடைக்க வசதி என்று ரெக்ஸின் போடச் சொன்னார் அப்பா. மே மாதத்தில் ரெக்ஸினில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எழும்போது தோலும் சேர்ந்து வருகிற மாதிரி இருக்கும். வயதானவர்களின் தோல் மெல்லியது. வேர்வையில் ஊறினால் புண்ணாகிவிடும். வெறும் பருத்தித் துணி என்றால் இன்னொரு சங்கடம். எழுந்து போவதற்குள் இரண்டு சொட்டு சிந்திவிடுவது வயதான பெண்களுக்குச் சகஜம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டுதான் பல பேர் நல்ல நாற்காலியில் உட்காராமல் தரையில் பாய் போட்டு உட்காருகிறார்கள். கடைசியில் பஞ்சின் மேல் தண்ணீர் இறங்காத ஒரு உறை, அதன்மேல் ஜிப் வைத்த பருத்தி உறை என்று தைத்தோம். பருத்தி உறையில் மூன்று வைத்திருக்கிறோம். அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை சத்தமில்லாமல் மாற்றிவிடுவார். ஆயாவும் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

பிரம்பும் ஒயர் பின்னலும் நம் ஊர் வெயிலுக்கு அருமையானவை, காற்று போகும். நாளாக நாளாகப் பின்னல் தொய்ந்து நடுவில் குழி விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குழி விழுந்தால் திரும்பப் பின்னக் கொடுத்துவிடுங்கள்.

நிறத்தையும் சொல்ல வேண்டும். கண்ணில் புரை வளர்கிறவருக்குச் சிவப்புத் தரையில் காவி நிற நாற்காலி இருந்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. இருக்கை தரையிலிருந்து பளிச்சென்று வேறுபட்டுத் தெரியட்டும். எங்கள் வீட்டுத் தரை வெள்ளை டைல்ஸ், உறை கருநீலம்.

ஏற்கெனவே வீட்டில் இருப்பவை

ஈஸி சேர் மேல் எனக்கும் பிரியம் உண்டு. பின்னி மில்லில் வேலை பார்த்த தாத்தா, 1996ல் மில் மூடிய பிறகு மிச்ச காலத்தை அதில்தான் கழித்தார். வெயில் நேரத்தில் அதைப்போலச் சுகமான ஆசனம் கிடையாது. ஆனால் அந்தத் துணி இடுப்பைக் கீழே இழுத்துக்கொள்ளும், முன்சட்டம் தொடையை மேலே தூக்கும். முழங்கால் பலவீனமானவருக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன், எவ்வளவு பழைய நினைவு இருந்தாலும்.

பிளாஸ்டிக் சேர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரே துண்டாக அச்சில் வார்த்தெடுக்கும் இந்த வகையை 1972ல் பிரான்ஸில் ஆன்ரி மாசோனே என்பவர் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கினார். ஒரு நாற்காலி வார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சேரின் உயரமும் ஆழமும் பெரியவர்களுக்கு ஓரளவு பொருந்தும் என்பது உண்மை. பல ஷோரூம் சோபாக்களைவிட அதுவே மேல். குறை வேறிடத்தில். எடை இல்லாததால் கையை ஊன்றி எழும்போது டைல்ஸில் பின்னால் நழுவும். வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்தால் கால் வெடித்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விரிந்துவிடும். ஒரே மாதிரி இரண்டு சேரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, பின்பக்கம் சுவரில் முட்டக் கொடுத்து வைத்தால் உயரமும் கொஞ்சம் கூடும், கால்களும் உறுதியாகும். செலவில்லாத வழி.

பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் திண்ணை வைத்த வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. அங்கே உட்காருகிற பெரியவர்களைக் கவனித்திருக்கிறேன். எல்லோரும் தூணை ஒட்டித்தான் உட்காருவார்கள். சாய்வதற்கு என்று நினைத்திருந்தேன். எழும்போது ஒரு கை தன்னால் தூணுக்குப் போவதைப் பார்த்த பிறகுதான், அந்தத் தூண்தான் திண்ணையின் கைப்பிடி என்று புரிந்தது.

சோபாவைத் தூக்கிப் போட முடியாது என்பவர்கள், மெத்தைக்கு அடியில் அளவாக வெட்டிய ப்ளைவுட் பலகை ஒன்றைச் சொருகினால் பாதிப் பள்ளம் நிரம்பிவிடும். சாய்மானத்தில் கெட்டியான தலையணை வைத்தால் ஆழம் குறையும். இருக்கையின் மேல் இன்னொரு மெத்தை போட்டு உயர்த்துவது மட்டும் யோசித்துச் செய்ய வேண்டியது. இருக்கை உயர்ந்தால் கைப்பிடி தாழ்ந்துபோகும், ஊன்ற ஒன்றும் மிஞ்சாது. நாற்காலியை உயர்த்த வேண்டுமென்றால் கீழேயிருந்து உயர்த்துங்கள். கால் உள்ளே இறங்கி உட்காருகிற மாதிரி குழி எடுத்த மரக்கட்டைகளை எந்தக் கார்பெண்டரும் செய்து தருவார். செங்கல் வைக்காதீர்கள். ஒரு உதை பட்டால் நகர்ந்துவிடும். சக்கரம் வைத்த சுழல் நாற்காலியும் ஆடுகிற நாற்காலியும் இந்த வேலைக்கு ஆகாது. குளிக்கும்போது உட்காருகிற குட்டி ஸ்டூலையும் ஒரு தடவை அளந்து பாருங்கள். பத்து இன்ச் உயரத்தில், ஈரத் தரையில், பிடிக்க ஒன்றுமில்லாமல் எழச் சொல்கிறோம்.

ஆளுக்கு ஆள்

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலவீனமானவருக்கு, நல்ல கை இருக்கிற பக்கத்துக் கைப்பிடி மிக உறுதியாக இருக்க வேண்டும். இன்னொரு பக்கமும் கைப்பிடி வேண்டும். அது அவர் சரிந்துவிடாமல் காக்கும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவருக்கு முதல் சில வாரங்களுக்கு இடுப்பு முட்டியைவிடத் தாழக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. அவருக்கு நம் கணக்கைவிட அவர்கள் சொல்கிற உயரம்தான் கணக்கு. தானாக எழவே முடியாதவருக்கு, பட்டனை அமுக்கினால் இருக்கையே மெல்ல முன்னால் தூக்கிவிடுகிற மின் நாற்காலிகள் கிடைக்கின்றன. முடியாதவருக்கு அது வரப்பிரசாதம். கொஞ்சம் சிரமப்பட்டாவது எழுகிறவருக்கு அதை வாங்கிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை எழுவதுதான் அவர் தொடைக்கு மிச்சமிருக்கிற பயிற்சி.

எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள டாக்டர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் செய்கிற ஒரு சோதனை உண்டு. 17 இன்ச் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார்கள். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி வைத்திருக்கும் கணக்குப்படி 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் கீழே, ஆணுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் விழுந்துவிடும் அபாயம் கூடுதல். பக்கத்தில் ஆள் நின்றுகொண்டு செய்யுங்கள். எண்ணிக்கை குறைந்தால் நாற்காலியோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் போக வேண்டும்.

கடைக்குப் போனால் பெரியவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், அவசரப்படுத்தாதீர்கள். பிடித்த நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். அதன் பிறகு நீங்கள் கை கொடுக்காமல், ஒன்றும் சொல்லாமல் நின்று, அவர் எழுவதை மட்டும் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடாமல் ஒரே தடவையில் எழுகிறாரா, எழும்போது நாற்காலி நகர்கிறதா, கை எதைத் தேடுகிறது? இது மூன்றும் சரியென்றால் வாங்கலாம்.

எங்கே போடுவது

எங்கள் ஹால் பத்துக்குப் பத்து. சோபா போய், அந்த இடத்தில் ஆயாவின் நாற்காலியும் இரண்டு மடக்கு நாற்காலியும் வந்தன. அவருடையதைச் சுவரில் முதுகு படும்படி, வாசலும் டிவியும் இரண்டும் கண்ணில் படுகிற மூலையில் போட்டோம். நான்கு காலுக்கும் ரப்பர் புஷ். கைக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர்ச் செம்பும் கண்ணாடியும் வைக்க ஒரு சின்ன அலமாரி. கைத்தடியைச் சாய்த்து வைத்தால் விழுந்துகொண்டே இருந்தது. கைப்பிடியின் வெளிப்பக்கத்தில் அண்ணன் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தார். பாதம் வீங்குகிற நாளில் காலைத் தூக்கி வைக்க ஒரு முக்காலி உண்டு. அது நாற்காலிக்கு அடியில்தான் இருக்கும், நடக்கிற வழியில் இருந்தால் தட்டும்.

எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டுவது வயதானவர்களுக்கு உண்டு. அதனால் எழுந்ததும் நடக்காமல், கைப்பிடியை ஒரு கையால் பிடித்தபடி பத்து எண்ணச் சொல்லி ஆயாவுக்குப் பழக்கியிருக்கிறோம். அவர் எண்களுக்குப் பதிலாக மீன் பெயர் சொல்கிறார். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி, கடம்பா, கானாங்கெளுத்தி என்று பத்துப் பெயர். முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, சாயங்காலக் காற்று வாங்க வாசலுக்குப் போகிறார்.